ஒரு கை புடிங்கண்ணே

ஜீப் கோலியனூர்த் தெருவுக்குள் நுழைந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. பின் இருக்கையில் ராஜாமணி இரண்டு கால்களையும் நீட்டிக்கொண்டு, நட்டுவைத்த கழி போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். கழுத்தில் கிடந்த சாமந்தி மாலை வியர்வையில் வதங்கி, இனிப்பும் அழுகலுமாக மணத்தது. விடியுமுன் விழுப்புரத்தில் கிளம்பித் திண்டிவனம் வரை ஓடி, அங்கே பேருந்து நிலையத்துச் சுவரைத் தொட்டுவிட்டு, மறுபடியும் விழுப்புரத்துக்கே ஓடி வந்திருந்தான். எழுபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல். விளையாட்டுக் கழகம் முதல்முறையாக நடத்திய நெடுந்தூர ஓட்டம் அது. கிளம்பியவர்களில் பாதிப் பேர் போகும்போதே விக்கிரவாண்டியில் உட்கார்ந்துவிட்டார்கள். முடித்த சிலரில் ராஜாமணிதான் முதல்.

"தங்கச்சி, உம் புருஷன முழுசா கொண்டாந்துட்டேன், சரி பாத்து வாங்கிக்கோ" என்று ஜீப்பிலிருந்து குதித்தார் அந்தோணிசாமி. பள்ளிக்கூடத்தில் ராஜாமணிக்கு விளையாட்டு ஆசிரியராக இருந்தவர். இப்போது கழகத்தின் செயலாளர். "காலுதான் கொஞ்சம் வேகாத கெழங்காட்டம் கீது. அடுத்த மாசக் கடைசியில திருச்சியில ரயில்வேக்கு ஆள் எடுக்கறாங்க. அங்க இவன் ஒழுங்கா ஓடிக் காட்டுனா வேலை நிச்சயம். அதுக்குள்ள இந்தக் கால நீதான் தேத்திக் குடுக்கணும்."

"என் கூழக் குடிச்சா கெழட்டு மாடே ஓடும் சார். இவரு ஓட மாட்டாரா?" என்றாள் அம்சவள்ளி. அவள் சிரித்தாள். ஆனால் கண் கணவனின் கால்களை விட்டு நகரவில்லை. பாதங்கள் வீங்கிப் பளபளத்தன. இரண்டு கட்டைவிரல் நகங்களும் நாவல்பழம் போலக் கறுத்திருந்தன.

இருவரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி அவனை நடத்தி வந்தார்கள். அந்த வீட்டு நிலைவாசல் தாழ்வானது. யாராக இருந்தாலும் தலையைக் குனிந்துதான் உள்ளே போக வேண்டும். ஆறு வருஷமாக ராஜாமணி நினைவில்லாமலேயே குனிந்து போய்வந்த வாசல்.

இன்று அவன் குனியவில்லை.

வாசலில் நின்றான். நடுங்கும் முழங்கால்களை மெல்ல மடக்கினான். தலையை ஆடாமல் நேராக வைத்துக்கொண்டு உடம்பை மட்டும் கீழே இறக்கினான். தேவைக்கும் அதிகமாக, ஏறக்குறைய குந்தும் அளவுக்கு இறங்கி, தலைக்கு மேலே இரண்டு முழம் இடம் விட்டு, அப்படியே நகர்ந்து உள்ளே போனான். வலியில் பல் கிட்டியது.

"இன்னா மாமா இது? தலையக் குனிஞ்சா போதாதா? குந்திக்கினா வருவாங்க?"

"தெரியல அம்சா. குனிய முடியல" என்றான் ராஜாமணி.

முதல் சில நாட்கள் உடம்பு முழுவதும் கால்களாகவே இருந்தது. சிறுநீர் வரக்காப்பி நிறத்தில் போயிற்று. விழுப்புரத்து டாக்டர், தசை அளவுக்கு மீறி அடிபட்டால் அப்படித்தான் போகும், தண்ணீர் நிறையக் குடி என்றார். அம்சவள்ளி உப்புப் போட்ட மோரும் இளநீரும் மாற்றி மாற்றிக் கொடுத்தாள். கேப்பைக் கூழ் காய்ச்சினாள். நொச்சி இலை போட்டுக் கொதிக்க வைத்த வெந்நீரில் துணியை நனைத்து ஒத்தடம் வைத்தாள். தூங்கும்போதுகூட அவன் கால்கள் தாமாகவே ஓடின. கயிற்றுக் கட்டிலின் சட்டத்தில் குதிகால் இடிக்கும் சத்தம் கேட்டு அவள் எழுந்து இரண்டு முழங்கால்களையும் அழுத்திப் பிடித்துக்கொள்வாள்.

பிறகு வீக்கம் வடிந்தது. சிறுநீர் தெளிந்தது. கறுத்த நகம் ஒன்று வலியில்லாமல் கழன்று விழுந்தது. கால்கள் அவனை மன்னித்துவிட்டன.

கழுத்துதான் மன்னிக்கவில்லை.

பிடரியிலிருந்து நடுமுதுகு வரை நெருப்புக் கயிறு ஒன்று முறுக்கி இறங்கியது. படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினான். சோறு அள்ளும்போது தட்டைப் பார்க்க முடியாமல் கையால் துழாவினான். நடந்தால் இடுப்பு மட்டும் அசைந்தது. தலை, நிரம்பிய குடத்தைச் சுமப்பது போல, சிந்தாமல் போயிற்று.

அன்று முற்பகல் தலைக்கு எண்ணெய் வைக்க உட்கார்ந்தாள் அம்சவள்ளி. தெரு முழுக்க வெயில் வெள்ளையாக நின்றது. பக்கத்து வீட்டில் யாரோ மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார்கள். கடலைத் தோடு உடையும் சத்தம் மட்டும் விட்டு விட்டுக் கேட்டது. அவள் விரல்கள் அவன் உச்சியில் நின்றன.

"மாமா, இங்க முடி நசுங்கிக் கெடக்குது. வட்டமா. சும்மாடு வெச்ச எடமாட்டம்."

அவள் அந்த வட்டத்தை விரலால் சுற்றித் தடவினாள்.

"நான் சின்னப் புள்ளையிலேருந்து வெறகு சுமந்தவ. இந்தக் கழுத்து வலி எனக்குத் தெரியும். இது ஓடுனவன் வலியில்ல, சொமந்தவன் வலி." அவள் அவன் காதைத் திருகினாள். "உண்மையச் சொல்லு, எந்தச் சிறுக்கிக்கு மூட்ட தூக்கிக்கினு வந்த?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் அவன் தோள்கள் இறுகியதை அவள் கை உணர்ந்தது. சிரிப்பை விழுங்கிக்கொண்டு, குனிந்து அவன் தலைமுடியை முகர்ந்தாள்.

எண்ணெய் வாசனை இல்லை. வியர்வை வாசனையும் இல்லை.

"பால் வாசம் அடிக்குது" என்றாள் மெதுவாக. "வசம்பு சுட்ட வாசம். பச்சப் புள்ள இருக்கற வூட்டு வாசம்."

அந்த வீட்டில் குழந்தை கிடையாது. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் திருவக்கரை அம்மன் கோயில் மரத்தில் அவள் கட்டிவிட்டு வந்த துணித் தொட்டில்கள் மழையில் நைந்து, வெயிலில் வெளுத்து, ஒவ்வொன்றாக அறுந்து போயிருந்தன.

திருச்சிக்குப் போகப் பத்து நாள்தான் இருந்தது. அந்தோணிசாமி வந்து அவனைத் தெருவில் ஓடச் சொன்னார். ராஜாமணி ஓடினான். சின்னச் சின்ன அடிகள் வைத்து, ஒரு கையை அறியாமல் தலைக்கு மேலே உயர்த்திக்கொண்டு, ஊர்ந்தான். பிள்ளையார் கோயிலைத் தாண்டுவதற்குள் முழங்கால் மடிந்தது.

"காலு சரியாயிடுச்சி, அப்புறம் இன்னாடா பேஜாரு?" என்று எரிச்சலானார் அந்தோணிசாமி. "உக்காந்து தின்னு ஒடம்பு போட்டுட்ட. வா, நிறுத்துப் பாத்துடுவோம்."

அவன் விலா எலும்புகள் சட்டைக்கு மேலேயே தெரிந்தன. அதை அவர் பார்க்கவில்லை.

கடைவீதி மல்லாட்டை மண்டி முற்றத்தில் மூட்டை நிறுக்கும் பெரிய தராசு மேடை இருந்தது. உச்சி சாய்ந்த வேளை. எடை போடும் பெரியதம்பி வாசலுக்கு முதுகைக் காட்டி, தராசின் தண்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சுமை இறக்கி ஓய்ந்திருந்த ஆட்கள் ராஜாமணியைப் பார்த்ததும் கலகலத்தார்கள்.

"ஓட்டக்காரர் வந்துட்டாரு, கொட்டையா, தோடான்னு பாத்து நிறுங்க!"

"வண்டு பூந்துகீதான்னு ஒடைச்சிப் பாருடா!"

ராஜாமணி மேடையில் ஏறினான். தண்டு சடாரென்று மேலே எகிறி இடித்தது. பெரியதம்பி ஒரு கல் சேர்த்தார். தண்டு இறங்கவில்லை. இன்னொன்று சேர்த்தார். பிறகு, திரும்பிப் பார்க்காமலே, தரையில் தன் பக்கமாக விழுந்திருந்த நிழலைப் பார்த்து அலுப்புடன் சொன்னார்:

"தலையில கீறத இறக்கி வெச்சிட்டு ஏறுப்பா. ஆள நிறுக்கறதா, மூட்டைய நிறுக்கறதா?"

சிரிப்பு நின்றது.

ராஜாமணியால் குனிந்து நிழலைப் பார்க்க முடியவில்லை. பார்த்தவர்கள் பார்த்தார்கள். சற்றுமுன் கேலி பேசியவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தான்.

பெரியதம்பி திரும்பினார். வெறுந்தலையோடு நிற்பவனைக் கண்டார். தராசுக் கல் அவர் கையிலிருந்து நழுவியது.

அந்தோணிசாமி அவனை மேடையிலிருந்து இழுத்து இறக்கினார். வீடுவரை கையை விடாமல் கூட்டி வந்தார். வாசலில் நின்று சிலுவை போட்டுக்கொண்டு, உள்ளே வராமலே போய்விட்டார்.

அன்று ராஜாமணி மனைவியிடம் சொன்னான்.

"போகும்போது, கூட்டேரிப்பட்டு வர்றதுக்கு முன்னாடி, புளிய மரத்தடியில ஒரு சுமைதாங்கிக் கல்லு. வெயில் அப்பத்தான் ஏறிக்கினு இருந்திச்சி. கல்லு மேல மூட்ட. பக்கத்துல ஒரு பொம்பள, முந்தானைய முகத்துக்கு இழுத்துப் போட்டுகினு. 'ஒரு கை புடிங்கண்ணே, தூக்கித் தலையில வெச்சிக்கறேன்'னு கேட்டா."

தலைச்சுமைக்காரர்கள் வழியில் போகிறவரை அப்படிக் கேட்பது வழக்கம். தனியாளால் மூட்டையைத் தலைக்கு ஏற்ற முடியாது. எவ்வளவு அவசரமானாலும் யாரும் மறுப்பதில்லை.

"முன்னால ஓடறவன் ரெண்டு பனை தூரத்துல இருந்தான். நின்னா விட்டுடுவேன். 'வரும்போது புடிக்கிறேம்மா'ன்னு சொல்லிட்டு ஓடிட்டேன்."

"அப்புறம்?"

"திரும்பி வரும்போது உச்சி வெயில். ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்ல. கண்ணெல்லாம் உப்பு. அதே எடத்துல நின்னுகினு இருந்தா, அம்சா. அப்படியே. அசையாம."

அம்சவள்ளி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொன்ன வார்த்தையாச்சேன்னு நின்னேன். கண்ண மூடிக்கினு மூட்டைக்கு அடியில கை குடுத்தேன். கனம்னா அப்படி ஒரு கனம். வெதுவெதுன்னு இருந்திச்சி. தூக்கி வெச்சிட்டேன். கண்ணத் தொறந்தா எதிர்ல அவ இல்ல. மரத்து மறைவுல போயிருப்பான்னு நெனைச்சிகினு ஓடி வந்துட்டேன்." அவன் கை தலைக்கு மேலே போய் நின்றது. "தூக்கித் தலையில வெச்சேன். யார் தலையில வெச்சேன்னுதான் தெரியல."



"இறக்கிடுவோம்" என்றாள் அம்சவள்ளி. "தூக்குன எடத்துலயே இறக்கிடுவோம். நாளைக்கே."

மறுநாள் காலை விழுப்புரம் வந்து திண்டிவனம் பேருந்தில் ஏறினார்கள். கூட்டேரிப்பட்டுக்கு ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கிச் சாலையோரமாக நடந்தார்கள். இரு பக்கமும் புளிய மரங்கள் கை கோத்து நின்றன. அவன் மரத்தை அடையாளம் கண்டுகொண்டான்.

கல் அங்கே இல்லை.

நெஞ்சளவு உயரத்தில் இரண்டு குத்துக்கற்கள் மட்டும் நின்றன. அவற்றின் மேல் கிடக்க வேண்டிய பலகைக் கல்லைக் காணவில்லை. எதிரே கீற்றுக் கொட்டகையில் டீக்கடை வைத்திருந்த முனியம்மாள் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா தேடறீங்க? கல்லா? அது வுழுந்து ரெண்டு வருஷமாவுது. லாரிக்காரன் ஒருத்தன் இடிச்சிட்டுப் பூட்டான். தோ, பள்ளத்துல கெடக்குது பாரு."

பள்ளத்தில், கோரைப் புல்லுக்கு அடியில், பாசி படிந்த பலகைக் கல்லின் ஒரு மூலை தெரிந்தது.

ராஜாமணி இரண்டு குத்துக்கற்களுக்கும் நடுவில் கையை விட்டுத் துழாவினான். ஒரு மாதம்கூட ஆகவில்லை, அந்தக் கல்லின் மேல்தான் மூட்டையைப் பார்த்தான்.

"யாருக்கு நட்ட கல்லு?" என்று கேட்டாள் அம்சவள்ளி.

"வாயும் வயிறுமா இருந்தவ. எங்க ஆயா காலத்துல, மூட்டையத் தூக்கிக்கினு தாய் வூட்டுக்கு நடந்து போனா. இங்கயே வுழுந்து செத்துட்டா. வயித்துச் சுமைய இறக்காத போனவளாச்சே, ஊரார் சுமையாவது அவ பேர்ல இறங்கட்டும்னு கல்லு நட்டாங்க. எல்லா ஊர்லயும் அப்படித்தான்." முனியம்மாள் குரலைத் தாழ்த்தினாள். அவள் கண்கள் ராஜாமணியின் தலைக்குச் சற்று மேலே நிலைத்திருந்தன. "கல்லு வுழுந்ததுலேருந்து அவளுக்கு இறக்க எடம் இல்ல. நின்னுகினுதான் கீறா. நான் அந்தப் பக்கம் பாக்கறதில்ல. நீ பாத்துட்ட போலகீது."

டீ குடிக்க நின்ற லாரியிலிருந்து ஓட்டுநரும் கிளீனரும் வந்து கை கொடுத்தார்கள். முனியம்மாள் கடப்பாரை தந்தாள். பலகைக் கல் பள்ளத்திலிருந்து ஏறி, இரண்டு குத்துக்கற்களின் மேல் மறுபடியும் படுத்தது. அம்சவள்ளி தண்ணீர் ஊற்றிக் கழுவி, மஞ்சளைக் குழைத்து அதன் மேல் முழுக்கப் பூசினாள். லாரி போய்விட்டது. முனியம்மாள் கடைக்குள் போய்ப் படலைச் சாத்திக்கொண்டாள்.

வெயில் உச்சிக்கு வந்தது.

காகம் இல்லை. காற்று இல்லை. புளியிலை ஒன்றுகூட அசையவில்லை.

ராஜாமணி கல்லுக்கு முன்னால் மண்டியிட்டு, பலகையின் மட்டத்துக்குத் தலையைக் கொண்டுவந்தான். அம்சவள்ளி அவன் எதிரே நின்றாள்.

"இறக்கிக்கலாமா மாமா?"

"ம். ஒரு கை புடி."

அவள் இரண்டு கைகளையும் அவன் தலைக்கு மேலே நீட்டினாள். கைகள் ஒன்றையொன்று தொடவில்லை. நடுவில், வெறும் வெளியில், நின்றுவிட்டன.

விரல்கள் எதிலோ அமுங்கின.

அவள் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. பாலும் வசம்பும் குப்பென்று மணத்தன. அவன் உச்சியில் எதுவோ புரண்டது. பிறகு கனம் நழுவியது. பிடரி எலும்புகள் ஒவ்வொன்றாகச் சொடுக்கிட்டன. தலை தானாகவே நெஞ்சின் மேல் தொங்கியது. இத்தனை நாளுக்குப் பிறகு ராஜாமணி தன் முழங்கால்களைப் பார்த்தான். மண்ணைப் பார்த்தான். ஒரு கட்டெறும்பு ஊர்வதைப் பார்த்தான். அழுதான்.

அவன் நிமிர்ந்தபோது அம்சவள்ளி அவனுக்கு முதுகைக் காட்டி, கல்லைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

"வெச்சிட்டியா?"

அவள் தலையைத் திருப்பாமலே சொன்னாள்.

"ம். போலாம் மாமா."

கிளம்பும்போது அவன் கல்லைத் திரும்பிப் பார்த்தான். அவள் பூசிய மஞ்சள் ஈரமாக, ஒரு கீறல்கூட இல்லாமல், பூசியபடியே இருந்தது. அதைப் பற்றி அப்போது அவன் எதுவும் நினைக்கவில்லை. கழுத்தை இடமும் வலமும் திருப்பிப் பார்க்கும் சந்தோஷத்திலேயே நடந்தான்.

பேருந்தில் கூட்டம் இல்லை. அவன் ஜன்னலோரம் தலையைச் சாய்த்ததும் தூங்கிப்போனான். "உக்காரும்மா, சீட்டுதான் காலியா கீதே" என்று கண்டக்டர் யாரிடமோ சொன்னது தூக்கத்தினூடே கேட்டது. "பரவால்லங்க, நிக்கறேன்" என்றது அம்சவள்ளியின் குரல்.

வீட்டு வாசலில் ராஜாமணி தலையைக் குனிந்து, குனிவதை ரசித்து, முதலில் நுழைந்தான். அவள் பின்னால் எப்படி நுழைந்தாள் என்று அவன் பார்க்கவில்லை.

அதன் பிறகு உடம்பு வெள்ளம் போலத் திரும்பி வந்தது. நாலே நாளில் ஓடினான். ஏரிக்கரை முழுதும் ஓடினான். அந்தோணிசாமி சைக்கிளில் துரத்தி வந்து, மூச்சு வாங்க, "போதும்டா, திருச்சிக்குக் கொஞ்சம் மிச்சம் வெய்யி" என்று கத்தினார். அம்சவள்ளி சமைத்தாள், துவைத்தாள், குறைவாகப் பேசினாள். கோடைப் புழுக்கம் என்று சொல்லிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். முகத்தில் ஒரு மினுமினுப்பு வந்திருந்தது. பயம் தெளிந்ததால் என்று அவன் நினைத்தான்.

திருச்சியில் அவன் ஓடிய ஓட்டத்தைப் பார்த்த அதிகாரி ஒருவர் அவன் கையைக் குலுக்கினார். மருத்துவப் பரிசோதனையிலும் குறை எதுவும் இல்லை. சேதி உறுதியானதும் ஊருக்குக் கிளம்பி, விழுப்புரத்தில் இறங்கி, பேருந்துக்குக்கூடக் காத்திராமல் கோலியனூருக்கு ஓடியே வந்தான்.

உச்சி வேளை. தெரு வெறிச்சோடிக் கிடந்தது. தெருக்கோடிக் குழாயடியிலிருந்து அம்சவள்ளி வீட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். இடுப்பில் குடம் இல்லை. தலையிலும் எதுவும் இல்லை. ஆனால் தலை அசையவில்லை. இடுப்பு மட்டும் அசைந்தது. ஒரு கை மேலே உயர்ந்து, வெறும் வெளியைப் பதமாகப் பிடித்திருந்தது. அவள் உதட்டுக்குள் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள்.

வாசலை அடைந்தாள். முழங்கால்களை மடக்கி, தலைக்கு மேலே இரண்டு முழம் இடம் விட்டு, மெல்லக் கீழே இறங்கினாள்.

"அம்சா!" என்று கூவிக்கொண்டே ஓடினான் ராஜாமணி. "அம்சா, வேலை கெடைச்சிடுச்சி!"

அவள் திரும்பினாள். அவனை அல்ல, தலைக்கு மேலே இருந்ததை முதலில் கண்களால் தடவிப் பார்த்துவிட்டு, உதட்டின் மேல் விரலை வைத்தாள். ஆறு வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து அவன் பார்த்ததில்லை.

"மெள்ளப் பேசு மாமா" என்று கிசுகிசுத்தாள். "இப்பத்தான் தூங்குது."